ரெண்டடிக் குழி

எட்டு நாள் கழித்துக் குழாயில் தண்ணீர் வந்த காலையில்தான் அப்துல் ஹக்கீம் வீட்டுக்கு ஏசியும் வந்து இறங்கியது. சிவகாசியில் தண்ணீர் வருகிற நாளில் தெருவுக்குள் வண்டி நுழைவது லேசுப்பட்ட காரியமில்லை. வாசலுக்கு வாசல் குடமும் அண்டாவும் பிளாஸ்டிக் டிரம்மும் நடுத்தெரு வரைக்கும் நிற்கும். மினி லாரிக்காரன் ஹாரன் அடித்து அலுத்துப்போய், தானே இறங்கி நாலு குடத்தை நகர்த்தி வைத்தான். குடத்துக்காரியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வண்டியை உள்ளே கொண்டு வந்தான்.

ஹக்கீம் பாய் கைலியை மடித்துக் கட்டி வாசலில் நின்றார். ஐம்பத்திரண்டு வயது. பட்டாசுக் கம்பெனிகளுக்குக் காகிதம் சப்ளை செய்கிற வியாபாரம். எடையில் கால் கிலோ குறைந்துவிட்டது என்று தெரிந்தால் ஆள் அனுப்பிக் கொடுத்துவிடுவார். ஊரில் நல்ல பெயர். ஒரு குணம்தான் அவரிடம் கொஞ்சம் கூடுதல். தன் வீட்டு வேலையை இன்னொருத்தன் செய்தால் அவருக்குப் பொறுக்காது. குழாய் மாட்டுவது, மோட்டாரைக் கழற்றிப் பூட்டுவது, ஒயர் இழுப்பது எல்லாம் அவரே. அரைகுறையாகத் தெரிந்ததை முழுசாகத் தெரிந்ததாக நினைத்துக்கொள்வார். இந்தக் குணம் நம்மில் பாதிப் பேருக்கு உண்டு என்பதால் அவரை மட்டும் கேலி செய்து பயனில்லை.

ஏசி வாங்கியது மாப்பிள்ளைக்காக. ஒரே மகள் மஹ்ரீனுக்கு நிக்காஹ் இன்னும் ஒன்பது நாளில். மாப்பிள்ளை சாபிர் துபாயில் வேலை பார்ப்பவன். நிக்காஹ் முடிந்ததும் பதினைந்து நாள் பெண் வீட்டில் தங்கிவிட்டுத்தான் கிளம்புவான். போன மாதம் வந்த சம்பந்தியம்மாள் பேச்சோடு பேச்சாக, தன் மகனுக்கு ஏசி இல்லாமல் கண் மூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். கேட்ட மாதிரியும் இல்லை, கேட்காத மாதிரியும் இல்லை. 2007ஆம் வருஷத்து அக்கினி நட்சத்திரம் வேறு மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஹக்கீமின் மனைவி சம்சாத் இரண்டு ராத்திரி புலம்பினாள். மூன்றாம் நாள் அவர் கடைக்குப் போய் ஆர்டர் கொடுத்துவிட்டார்.

ஏசி மாட்டுகிற பொறுப்பு முனியராஜுக்கு. சாத்தூர்க்காரன், பாலிடெக்னிக் படித்தவன், முப்பது வயதுக்குள் சொந்தமாகக் கடை போட்டு உட்கார்ந்தவன். இன்ஜினியர் என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். பாதி வேலையைத் தானே செய்துகொள்வதாக ஹக்கீம் சொன்னபோது அவன் முகம் சுளிக்கவில்லை. சீசன் நேரம், ஒரு நாளைக்கு அஞ்சாறு வீடு ஓட வேண்டியிருந்தது.

"நீங்களே செய்யுறதுன்னா செய்ங்க பாய். ஆனா எது உங்க வேலை, எது எங்க வேலைன்னு ஒரு தாள்ல எழுதிக்கிடுவோம். பின்னால பேச்சு வரக் கூடாது பாருங்க" என்றான்.

ஏசிப் பெட்டியோடு வந்த விளம்பரத் தாளின் பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு போட்டான். ஒரு பக்கம் வீட்டுக்காரர் என்றும் மறுபக்கம் நாங்கள் என்றும் எழுதினான். சுவரில் துளை போடுவது, வெளியே வைக்கிற பெட்டிக்கு இரும்பு ஸ்டாண்டு அடிப்பது, மீட்டரிலிருந்து தனி லைன் இழுப்பது, எர்த் குழி தோண்டுவது ஆகியவை வீட்டுக்காரர் பக்கம். செம்புக் குழாய் பதிப்பது, கேஸ் பார்ப்பது, லைன் கொடுப்பது, கடைசியில் எல்லாவற்றையும் சோதித்துக் கையெழுத்துப் போடுவது ஆகியவை நாங்கள் என்ற பக்கம். எர்த் குழிக்குக் கீழே மட்டும் ரெண்டு கோடு இழுத்தான். ஆறடி ஆழம். கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். நாலு நாளைக்கு ஒருதரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி மண்ணை ஈரமாக வைத்திருக்க வேண்டும். பெட்டியில் எங்காவது கரண்ட் கசிந்தால் அது ஆள் மேல் பாயாமல் ஈர மண்ணுக்குள் இறங்கிவிடும், அதற்குத்தான் இந்தக் குழி என்று விளக்கமும் சொன்னான்.

இந்த ஏற்பாட்டில் ஒரு தப்பும் கிடையாது. தன் பங்கை ஒழுங்காகச் செய்கிறவர்கள் இரண்டு பேர் சேர்ந்தால் எந்த வேலையையும் பிரித்துச் செய்யலாம்.

ஹக்கீம் தன் பங்கில் மூன்றை மிகச் சுத்தமாகச் செய்தார். சுவர்த் துளையைப் பார்த்த கொத்தனாரே பாராட்டினார். ஸ்டாண்டு கொல்லைக் கதவை ஒட்டி உட்கார்ந்தது. லைனுக்கு விலை கூடிய ஒயரே வாங்கிப் போட்டார். நாலாவதான எர்த் குழியில்தான் சிக்கல் வந்தது. குழி தோண்டுகிற பலவேசம் காலையில் கடப்பாரையைப் போட்டவன் ஒரு மணி நேரத்தில் நிறுத்திவிட்டான். ரெண்டடிக்குக் கீழே சுக்காம்பாறை. கடப்பாரை இறங்கினால் பொறிதான் பறந்தது.

இதை உடைக்க மிஷின் வர வேண்டும் என்றான் பலவேசம். மிஷின் வர நாலு நாள் ஆகும். வந்தால் கொல்லை முழுக்கப் புழுதி, சத்தம், பந்தல்காரன் வேலை கெடும், சமையல்காரன் அடுப்பு போட இடமிருக்காது. ஹக்கீம் குழியை எட்டிப் பார்த்தார். ஆனைக்குட்டம் அணையே காய்ந்து கிடக்கிற கோடையில் இந்த மண்ணில் ஈரம் எங்கே இருக்கப் போகிறது என்று அவருக்கும் தோன்றத்தான் செய்தது. ஆனாலும் கல்யாணம் முடியட்டும், பிறகு மிஷின் வைத்து உடைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்.

பலவேசம் கரியையும் உப்பையும் ரெண்டடிக்குள் அடைத்து, எர்த் தகட்டைப் புதைத்து, மேலே சிமெண்டில் அழகாக ஒரு மூடி வார்த்தான். ஹக்கீம் மூடியின் மேல் பச்சைப் பெயிண்டால் எர்த் என்று எழுதினார். எழுத்து குண்டு குண்டாக நன்றாகவே வந்தது. பார்க்கிற யாருக்கும் கீழே ஆறடி இருப்பதாகத்தான் தோன்றும்.

மறுநாள் முனியராஜ் தன் ஆட்களோடு வந்து மத்தியானத்துக்குள் வேலையை முடித்தான். ஏசி ஓடியது. மஹ்ரீன் அறைக்குள் நின்று இரண்டு கையையும் விரித்துச் சிரித்தாள். முனியராஜ் சோதனைப் படிவத்தை எடுத்து வரிசையாக டிக் போட்டுக்கொண்டே வந்தான். எர்த் என்ற வரியில் பேனா நின்றது. எர்த்தைச் சோதிக்கிற மீட்டர் கடையில் கிடந்தது. போய் எடுத்து வர முக்கால் மணி நேரம். திருத்தங்கலில் இன்னொரு வீட்டில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

"பாய், குழி ஆறடி போயிருக்குல்ல?"

"போயிருக்கு" என்றார் ஹக்கீம்.

ஒரே ஒரு வார்த்தை. சொல்லும்போது நாக்கு கொஞ்சம் கூசியதை அவர் உணர்ந்தார். முனியராஜ் மூடியைப் பார்த்தான், பச்சை எழுத்தைப் பார்த்தான், டிக் போட்டான். சோதித்துப் பார்த்தேன் என்ற வாசகத்துக்குக் கீழே அவன் கையெழுத்து விழுந்தது.

இனி சண்முகத்தாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் இரண்டு வருஷமாகப் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, கூட மாட வேலை பார்த்தவள். ஆனைக்குட்டத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்து சாயங்கால பஸ்ஸில் போவாள். அதற்கு முன்னால் பதின்மூன்று வருஷம் பட்டாசு ஆபீஸில் இருந்தாள். பட்டாசு ஆலையை இந்தப் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். அவள் புருஷன் சுடலையும் அங்கேதான். ஒரு நாள் பக்கத்து அறை வெடித்து, அவள் கூடப் பிறந்த தங்கை வேலுத்தாய் கரிக்கட்டையாக வெளியே வந்தாள். அன்றைக்கே சுடலை, நம்ம வீட்டில் ஒரு உசிராவது வெடிமருந்துக்கு வெளியே இருக்கட்டும் என்று மனைவியை நிறுத்திவிட்டான். ஹக்கீமின் கடைக்கு வந்து வீட்டு வேலை கேட்டான். வேலை கொடுத்தபோது அவன் கையெடுத்துக் கும்பிட்டு, உங்க வீட்ல இருந்தா நான் நிம்மதியாத் தூங்குவேன் மொதலாளி என்றான். ஹக்கீமுக்கு அது பெருமையாக இருந்தது.

ஆபீஸை விட்டு வந்தாலும் ஆபீஸ் பழக்கம் ஒன்று அவளை விடவில்லை. மருந்து அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருப்பார்கள். அதிலிருந்து கம்பி மண்ணுக்குள் போகும். உடம்பிலும் சேலையிலும் சேர்ந்திருக்கிற மின்சாரம் ஒரு பொறியாகத் தெறித்தால் போதும், அறையே போய்விடும். அதனால் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். பதின்மூன்று வருஷம் தொட்ட கை. ஹக்கீம் வீட்டிலும் கொல்லையிலிருந்து உள்ளே வரும்போது கதவோரம் எந்த இரும்பு இருக்கிறதோ அதை ஒருமுறை தொடாமல் அவளால் வாசற்படி தாண்ட முடியாது. இரண்டு வருஷமாகக் கதவின் இரும்புத் தாழ்ப்பாளைத் தொட்டாள். சாமி கும்பிடுறீங்களாக்கா என்று மஹ்ரீன் கேலி செய்வாள். இப்போது தாழ்ப்பாளுக்கு முன்னால், கைக்கு இன்னும் வாகாக, ஏசியின் வெளிப்பெட்டி வந்து நின்றது.

அந்தப் பெட்டி அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது. காரணம் தண்ணீர். அறைக்குள்ளிருந்து வருகிற மெல்லிய குழாய் வழியாகச் பெட்டிக்குக் கீழே வைத்த குடத்தில் சொட்டுச் சொட்டாக இறங்கி, ஒரு நாளைக்கு ஒன்றரைக் குடம் சேர்ந்தது. தண்ணிப் பஞ்சத்தில் அது பெரிய வரவு. அதில் பாத்திரம் கழுவினாள், கொல்லையைக் கழுவினாள். பெட்டியைச் சுற்றி எப்போதும் ஈரம்தான்.

எர்த் குழிக்கு ஊற்ற வேண்டிய தண்ணீர் மட்டும் ஊற்றப்படவில்லை. முதல் வாரம் சம்சாத் ஒரு குடம் ஊற்றினாள். அடுத்த முறை கல்யாண வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். குடிக்கவே லாரித் தண்ணீர். இதில் ஒரு குழிக்கு எதுக்கு ஒரு குடம் என்று அவள் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. விட்டுவிடு என்றார் ஹக்கீம். ரெண்டடிக் குழிக்கு ஊற்றினால் என்ன, ஊற்றாவிட்டால் என்ன என்று அவருக்கு மட்டும் தெரியும்.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. மாப்பிள்ளை வந்து தங்கினான். மூன்றாம் நாள் காலையில், ஹக்கீம் கொல்லையில் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது சண்முகத்தாய் தயங்கித் தயங்கி வந்தாள்.

"மொதலாளி, அந்தப் பெட்டியத் தொட்டா சுருக்குங்குது. நேத்தும் இருந்துச்சு. இன்னைக்குக் கொஞ்சம் கூட."

"தொடாத. எதுக்குத் தொடுத?"

"தொடக் கூடாதுன்னுதான் நெனைக்கேன். கை கேக்க மாட்டேங்குது. பழகிருச்சு."

ஹக்கீம் வாய் கொப்பளித்துத் துப்பினார். காரணம் அவருக்கு அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. மெயின் சுவிட்சை இறக்கினால் போதும். ஆனால் உள்ளே மாப்பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். முனியராஜைக் கூப்பிட்டால் அவன் மூடியைத் திறப்பான். ரெண்டடி வெளியே வரும். சம்பந்தி வீட்டார் முன்னால், ஹக்கீம் பாய் செய்த வேலை இதுதானா என்று ஆகிவிடும். இன்னும் பன்னிரண்டு நாள்தான், மாப்பிள்ளை கிளம்பியதும் சரி செய்துவிடலாம். இப்படியெல்லாம் கணக்குப் போட்டுவிட்டு, பரணிலிருந்து தன்னுடைய பழைய ரப்பர் செருப்பை எடுத்து அவளிடம் கொடுத்தார்.

"இதைப் போட்டுக்கிட்டுக் கொல்லையில வேலை பாரு. ஒண்ணும் செய்யாது."

அவள் சந்தோஷமாக வாங்கிக்கொண்டாள். தனக்காக மொதலாளி யோசித்துச் செருப்புக் கொடுத்ததை அன்று சாயங்காலம் சுடலையிடமும் மகள் பானுப்பிரியாவிடமும் சொல்லியிருக்கிறாள். செருப்பு அவள் காலுக்கு ஒரு அங்குலம் பெரிது. இரண்டு நாள் அதைப் போட்டுக்கொண்டு டப்டப்பென்று நடந்தாள்.

வெள்ளிக்கிழமை, ஆண்கள் ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விட்டு வருகிற நேரம். வீட்டில் விருந்து. சண்முகத்தாய் பெட்டிக்குக் கீழே நிரம்பியிருந்த குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தாள். வீட்டுக்குள் செருப்போடு போகிற வழக்கம் அவளுக்கு என்றுமே கிடையாது. மொதலாளி வீடு, அதுவும் புது மாப்பிள்ளை இருக்கிற வீடு. வாசற்படியில் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்தாள். ஈரத் தரையில் வெறுங்கால் பட்டது. உள்ளே நுழையப் போகும்போது வலது கை தானாக நீண்டு பெட்டியைத் தொட்டது.

அவளிடமிருந்து சத்தமே வரவில்லை. குடம் உருண்ட சத்தம்தான் கேட்டது. பள்ளிவாசலிலிருந்து வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டிருந்த ஹக்கீம் கொல்லைக்கு ஓடினார். அவள் கை இன்னும் பெட்டியோடு ஒட்டியிருந்தது. அவர் திரும்பி ஓடி மெயினை இறக்கினார். வீடு முழுக்க விசிறியும் ஏசியும் நின்ற பிறகு அவள் கை விட்டது. அவள் பையையும் வாசற்படியில் கிடந்த செருப்பையும் சேர்த்து ஆட்டோவில் போட்டு அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். டாக்டர் பார்த்துவிட்டு, கொண்டு வரும்போதே உயிர் இல்லை என்றார்.

அன்று சாயங்காலம் முனியராஜ் வந்தான். கொல்லையில் அவனும் ஹக்கீமும் மட்டும். பெட்டியின் மூடியைக் கழற்றினான். உள்ளே ஒரு ஒயர், பெட்டி அதிர அதிரத் தகட்டின் விளிம்பில் உரசித் தோல் போயிருந்தது. குழி சரியாக இருந்திருந்தால் கரண்ட் கசிந்த முதல் நாளே சுவிட்ச் தானாக விழுந்து ஏசி நின்றிருக்கும், அவ்வளவுதான் நடந்திருக்கும். அவன் மீட்டரை எர்த் கம்பியில் வைத்தான். கரண்ட் மண்ணுக்குள் இறங்க வழியில்லை என்று அது காட்டியது. பச்சை எழுத்தை மிதித்துக்கொண்டு நின்றான்.

"ஆறடின்னு சொன்னீக பாய்."

"பாத்தேன்னு நீங்க கையெழுத்துப் போட்டீகளே தம்பி."

அதற்கு மேல் இருவரும் ஒருவர் மேல் ஒருவர் பழி போடவில்லை. போட்டால் இருவருமே மாட்டுவார்கள் என்று இருவருக்கும் தெரியும். ஈரக் கையோட, வெறுங்காலோட தொட்டா எந்த மிஷினா இருந்தாலும் அடிக்கத்தான் செய்யும் என்று முனியராஜ் மெதுவாகச் சொன்னான். ஹக்கீம் ஆமாம் என்றார். வேலையைக் கோடு போட்டுப் பிரித்துக்கொண்ட அந்த இரண்டு பேரும் பழியைப் பிரித்துக்கொள்ளாமல் அப்படியே தூக்கிச் செத்துப்போனவள் தலையில் வைத்தார்கள். போலீஸிலும் அதையே சொன்னார்கள். ஈரக் கையுடன் கவனக்குறைவாகத் தொட்டதால் விபத்து என்று எழுதிக்கொண்டார்கள். ஊரும் அதையே பேசியது. கல்யாண வீட்டில் இப்படி ஆகிவிட்டதே என்று வந்தவர்களெல்லாம் ஹக்கீமுக்குத்தான் ஆறுதல் சொன்னார்கள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். சாப்பாடு மட்டும் இறங்கவில்லை. தொழுகையில் கையைக் கட்டி நின்றால் ஓத வேண்டியது மறந்துபோயிற்று.

ஆறாம் நாள் சுடலை வந்தான். மாப்பிள்ளையும் விருந்துக்கு வந்திருந்த சம்பந்தி வீட்டாரும் பதினைந்து நாள் முடியும் முன்பே கிளம்பிப் போயிருந்தார்கள். வாசலோடு நின்றவனை ஹக்கீம் உள்ளே அழைத்தார். அவன் வரவில்லை. மழிக்காத தாடியும், சட்டையில் இன்னும் போகாத அலுமினியப் பொடியின் வெள்ளி மினுக்குமாக நின்றான். கையில் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம். பிரித்தால் ரப்பர் செருப்பு, கழுவித் துடைத்து வைத்திருந்தான்.

"ஆஸ்பத்திரியில அவ சாமானோட சேத்துக் குடுத்துட்டாக மொதலாளி. உங்களுது. குடுத்துட்டுப் போவம்னு வந்தேன்."

ஹக்கீமுக்கு அதை வாங்கக் கை நீளவில்லை. சுடலை செருப்பை வாசற்படியில் வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

"இன்னொண்ணும் சொல்லணும். நல்ல காரியம் நடந்த வீட்ல எம் பொஞ்சாதியால இப்படி ஆயிருச்சு. மன்னிச்சுக்கோங்க. தப்பு அவளுதுகூட இல்ல, என்னுது. ஆபீஸ்ல மொத நாளு, தகட்டைத் தொடாம உள்ள போனா கால ஒடிச்சிருவேன்னு சொல்லிப் பழக்குனவன் நான்தான். அந்தப் பழக்கந்தான் அவளக் கொன்னுருச்சு."

சம்சாத் கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். ஆறு நாளாகத் தன்னைத் தேடி ஒரு கேள்வி வரும், யாராவது சட்டையைப் பிடிப்பார்கள் என்று பயந்துகொண்டிருந்தவர் ஹக்கீம். வந்தவன் மன்னிப்புக் கேட்டுவிட்டான். இவன் இனி சாகிற வரைக்கும் தன் பெண்டாட்டியைத் தானே கொன்றதாக நினைத்துக்கொண்டு மருந்து இடிப்பான். அதை நினைத்தபோது இவ்வளவு நாள் காப்பாற்றி வைத்த மானம் அவருக்கு அருவருப்பாக இருந்தது.

"உள்ள வா சுடலை" என்றார். கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனார். மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துச் சிமெண்டு மூடியில் ஓங்கி இறக்கினார். மூன்றாவது அடியில் பச்சை எழுத்து இரண்டாகப் பிளந்தது. கரியையும் உப்பையும் கையால் அள்ளி வெளியே போட்டார். எல்லாம் காய்ந்த பொடி. பிறகு கடப்பாரையைக் குழிக்குள் குத்தினார். ணங்கென்றது.

"பாத்துக்கோ. இது ஆறடி இருக்கணும். ரெண்டடியில பாறை வந்துச்சு, மூடச் சொல்லிட்டேன். இன்ஜினியர் கேட்டாரு, ஆறடின்னு பொய் சொன்னேன். சுருக்குங்குதுன்னு அவ எங்கிட்ட வந்து சொன்னா சுடலை. தெரிஞ்சும் செருப்பக் குடுத்து அனுப்புனேன். அவ பழக்கத்துல ஒரு தப்பும் இல்ல. தொட்டா மண்ணுக்குள்ள இறங்குறதுக்கு நான் வழி வைக்கல."

சுடலை கத்துவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் அவருக்கு இன்னும் நன்றாக இருந்திருக்கும். அவன் மண்டியிட்டுக் குழிக்குள் கையை விட்டான். முழங்கை தாண்டிக் கொஞ்சம் போனதும் விரல் பாறையில் முட்டியது. கையை எடுக்காமல் ரொம்ப நேரம் அப்படியே இருந்தான். கரிப் பொடியில் அவன் கண்ணீர் விழுந்த இடம் மட்டும்தான் அந்தக் குழியில் ஈரம்.

"ஆபீஸ்ல தகட்டுக்குக் கீழ கம்பி போகுதா இல்லையான்னு நாங்க தோண்டிப் பாக்குறதில்ல மொதலாளி" என்றான் பிறகு, குழியைப் பார்த்துக்கொண்டே. "போகுதுன்னு நீங்க சொல்லுதீக. நாங்க நம்பித் தொடுதோம். அம்புட்டுத்தான்."

ஹக்கீம் கையைக் கழுவக்கூட இல்லை. அலமாரியிலிருந்து அந்தக் கோடு போட்ட தாளை எடுத்துக்கொண்டு சுடலையையும் கூட்டிக்கொண்டு முனியராஜின் கடைக்குப் போனார். முனியராஜ் முதலில் பதறினான். விபத்துன்னு எழுதி முடிச்ச விஷயம் பாய், கிளறுனா லைசென்ஸ் போயிரும், ரெண்டு பேருமே உள்ள போக வேண்டியிருக்கும் என்றான். ஹக்கீம் தாளை மேஜையில் விரித்தார்.

"இதுல பாதி என்னுது. என் பாதிய நான் சொல்லப் போறேன். உங்க பாதிய நீங்க சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

முனியராஜ் தாளைப் பார்த்தான். வாசலில் நின்ற சுடலையைப் பார்த்தான். எர்த் குழிக்குக் கீழே தானே இழுத்த ரெண்டு கோடு அவன் கண்ணில் பட்டது. எழுந்து, பில் புத்தகத்தோடு தான் கையெழுத்துப் போட்ட சோதனைப் படிவத்தின் நகலையும் எடுத்துக்கொண்டு ஷட்டரை இறக்கினான்.

காவல் நிலையத்தில் எழுத்தர் இவர்களை விநோதமாகப் பார்த்தார். தப்பித்தவர்கள் தாங்களாகவே வந்து மாட்டிக்கொள்கிறதை அவர் அதிகம் பார்த்ததில்லை. நல்லா யோசிச்சுத்தான் வந்தீங்களா பாய் என்று இரண்டு தரம் கேட்டார். கேஸ் வரும், கோர்ட்டுக்கு அலைய வேண்டும், சம்பந்தி வீட்டில் என்ன நினைப்பார்கள் என்றும் சொல்லிப் பார்த்தார். எல்லாம் தெரியும் என்றார் ஹக்கீம். எழுத்தர் பெருமூச்சு விட்டுக்கொண்டு பழைய வாக்குமூலத்தை எடுத்து வைத்தார்.

"ஈரக் கைன்னு எழுதியிருக்கீங்களே, கவனக்குறைவுன்னு, அது பொய்ங்க. குழி ரெண்டடின்னு எழுதுங்க. ஆறடின்னு நான் சொன்னதா எழுதுங்க" என்றார் ஹக்கீம்.

"மீட்டர் வச்சுப் பாக்காம நான் கையெழுத்துப் போட்டேன். அதையும் எழுதுங்க சார்" என்றான் முனியராஜ். அவன் குரல் அவனுக்கே கேட்காத மாதிரி இருந்தது.

எழுத்தர் எழுதி முடித்துப் படித்துக் காட்டினார். வேறு ஏதாவது சேர்க்க வேண்டுமா என்று வழக்கமான கேள்வியைக் கேட்டார். ஹக்கீம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சுடலையைத் திரும்பிப் பார்த்தார். அவன் தலை நிமிரவில்லை. வலது கையில் முழங்கை வரை கரி அப்பியிருந்தது.

"ஒண்ணு இருக்குங்க" என்றார் ஹக்கீம். "வேலையைப் பாதி பாதியாப் பிரிச்சுக்கிட்டோம், அதுல தப்பில்ல. செய்யாததைச் செஞ்சேன்னு நான் சொன்னேன், பாக்காததைப் பாத்தேன்னு அவரு எழுதுனாரு. எங்க ரெண்டு பேரோட பேச்சையும் நம்பித் தொட்டவ செத்துப்போனா. வேலையைப் பிரிச்சுக்கலாம். அதுல ஒரு உசிரு போனா, பாதிதான் என்னுதுன்னு யாரும் சொல்ல முடியாது. முழுசும் என்னுதுதான், முழுசும் அவருதுதான். இதையும் எழுதிக்கோங்க."

எழுத்தர் எழுதினார். ஹக்கீம் கரி படிந்த விரலால் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.